அலுமாரிக்கு மேலிருந்து வந்த குரல்

என் சொந்த வீட்டுக்குள் போக இருபத்தொரு நாள் எனக்கு வழி இல்லாமல் இருந்தது. வீடு பூட்டியிருக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. றோட்டில் நின்றால் வாசல் திரை காற்றில் ஆடுவது தெரியும். நான் றோட்டில்தான் நின்றேன்.

வீடு கற்பிட்டி றோட்டில், கடலேரிக் களப்புப் பக்கம். மனைவியின் சீதனக் காணி. கல்லும் சீமெந்தும் என்னுடையது. பதினொரு வருசமாகக் கட்டாரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். இரண்டு வருசத்துக்கு ஒரு லீவு. அதில் நாற்பது நாள். கூட்டிப் பார்த்தால் கட்டிய வீட்டில் நான் படுத்தது ஒரு வருசம்கூட வராது.

எல்லாம் அந்தக் கெமராவில் தொடங்கியது.

ஒரு லீவுக்கு வரும்போது வாங்கி வந்தேன். கோழி முட்டையை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டை. தலையைத் திருப்பும். பார்க்கும், கேட்கும். நான் அங்கிருந்து போனில் பேசினால் இங்கே அது பேசும். ஊரில் தண்ணி மோட்டர் களவு போகிற காலம். கள்ளனுக்காக என்று சொல்லி, ஹோலில் அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மோட்டர் வெளியிலதானே இரிக்கி. இது என்னத்துக்கு ஹோலுக்குள்ள?"

"வெளியில வெச்சா மழைக்குப் பழுதாகிடும்."

நான் சொன்னது பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கட்டாரில் ஒரு அறையில் ஆறு பேர். கட்டிலுக்கு மேல் கட்டில். வேலை முடிந்து வந்தால் ஆறு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொள்வோம். ஒருத்தன் பேரப்பிள்ளையைப் பார்ப்பான். ஒருத்தன் பாராளுமன்றச் சண்டையைப் பார்ப்பான். நான் என் ஹோலைப் பார்ப்பேன். மகள் பாடம் செய்வாள். மனைவி கூட்டுவாள். பூனை வரும், போகும். மூச்சு விடுகிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்ப்பதோடு விட்டிருக்கலாம். பேசவும் தொடங்கினேன். "பகல்ல என்னத்துக்கு லைட்? நூருங்க." "அந்தப் புள்ள ஏன் இன்னும் சீப்பால தலை இழுக்கல்ல?" "வாசல்ல யாரு?" ஒரு நாள் காஸ் கொண்டுவந்த பொடியன் என் சத்தம் கேட்டுச் சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். நான் கட்டிலில் கிடந்து சிரித்தேன். மேல் கட்டில்காரனுக்கும் காட்டினேன்.

கொஞ்ச நாளில் மனைவி வீட்டுக்குள்ளேயும் முக்காடு போடத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை கோலில் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள ஏன் முக்காடு?"

"ரூம்ல ஆறு பேர் எண்டு சொன்னீங்கதானே."

நான் அதற்கும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவள் பாயைக் குசினிக்கு, அடுப்படிக்கு, எடுத்துக்கொண்டு போனாள். மகளின் புத்தகமும் குசினிக்குப் போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கதிரை, டீவி, வாசல். வீட்டு வாழ்க்கை கெமராவுக்குப் பிடிபடாத பக்கம் நகர்ந்துவிட்டது. நான் வெறும் ஹோலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெறும் ஹோலைப் பார்க்கப் பார்க்கத்தான் நெஞ்சில் பூச்சி ஊர்ந்தது. அங்கே இல்லாவிட்டால் எங்கே இருக்கிறாள். குசினிக்குள் யாரோடு சிரிக்கிறாள்.

நாட்டில் எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை நின்ற காலத்தில் கரண்ட் வெட்டுகிற நேரம் முன்கூட்டியே அறிவிப்பில் வரும். அந்த நேரம் கெமரா கறுத்துவிடும். அது பயமில்லை. அந்தக் கறுப்புக்கு ஒரு நேரம் இருந்தது. நேரம் தவறிக் கறுத்தால்தான் பயம். அப்படி ஒரு நாள் பஸ்ஸுக்குள் இருந்து பதினேழு கோல் எடுத்தேன். மகள் மேசை விளக்குக்காக வயரைக் கழற்றியிருக்கிறாள்.

வெளிநாட்டில் இருப்பவர்களை நாட்டு வீரர்கள் என்று சொல்வார்கள். எயார்போர்ட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வோட்டு மட்டும் இல்லை. ஆனாலும் அறையில் ஆறு பேரும் ஒவ்வொரு எலெக்சனுக்கும் தொண்டை கட்டுமட்டும் கத்துவோம். யாருக்குப் போடவேண்டும் என்று மனைவிக்குப் போனில் சொன்னேன்.

"உங்களுக்கு அவ்வளவு ஆசை எண்டா நீங்க வந்து போடுங்க" என்றாள்.

அந்த எலெக்சனுக்கு ஒரு வேட்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கெமராவில் பார்த்தேன். கூட வந்தவர்கள் என் கதிரையில் இருந்தார்கள். மனைவி குசினித் திரைக்குப் பின்னால் நின்றாள். அவர் சுற்றிப் பார்த்தார், கெமராவைக் கண்டார், என்னைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்தார். நானும் பஸ்ஸுக்குள் இருந்து கை காட்டிவிட்டேன். எனக்கு வோட்டு இல்லை என்று அவருக்குத் தெரியாது. நான் கை காட்டியதும் அவருக்குத் தெரியாது. அந்தக் கெமராவால் நடந்த கதையெல்லாம் இப்படித்தான்.

மனைவிக்கு மூத்தவ ராத்தா. போன வருசம் ராத்தாவுடைய மாப்பிள்ளை மௌத்தானார். களப்பில் றால் பிடிப்பவர். காலையில் தோணி கட்டிவிட்டு நெஞ்சு நோகுது என்றார். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஓட்டோவுக்குள்ளேயே முடிந்தது.

ராத்தா இத்தா இருக்கவேண்டும். மாப்பிள்ளை மௌத்தான பொம்பிளை நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பது எங்கள் மார்க்கம். வெளியே போகமாட்டாள். பிற ஆம்பிளை அவளைப் பார்க்கவும் கூடாது. ராத்தாவின் வீடு கரையில் தகரமும் கிடுகும். கக்கூசுக்குப் பக்கத்து வளவுக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டில் அறையோடு சேர்த்துக் குளியலறை இருக்கிறது. மௌலவியிடம் கேட்டார்கள். தேவைக்குத்தானே, இருக்கலாம் என்றார்.

மனைவி எனக்குக் கோல் எடுத்தாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"ராத்தாவ இங்க கூட்டி வரட்டா?"

"இதயும் கேக்கணுமா? கூட்டி வாங்க."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நான் கட்டிய குளியலறை ஒரு பொம்பிளைக்கு மறைவாகிறது. அறையில் ஐந்து பேருக்கும் சொன்னேன்.

கெமரா என் நினைவுக்கு வரவில்லை. அதை விடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ராத்தாவுக்கு நான் பிற ஆம்பிளை. அதுவும் என் நினைவுக்கு வரவில்லை. நான் கட்டிய வீட்டில் நானே அந்நிய ஆள் ஆவேன் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மௌத்தின் மூன்றாம் நாள். பகல் ஒரு மணி. ஸ்கூல் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் புள்ளைகள் வரும்வரை இருந்தேன். ஊரில் அப்போது மூன்றரை, அசர் தொழுகை நேரம். கெமராவைத் திறந்தேன். ஹோல் இல்லை. கறுப்பும் இல்லை. பூப்போட்ட துணி ஒன்று. வெளிச்சம் அதற்குள்ளால் மங்கலாக வந்தது.

கறுப்பு என்றால் கரண்ட். துணி என்றால் ஒரு ஆளின் கை.

கோல் எடுத்தேன். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். எடுக்கவில்லை. அதற்கு முதல் கிழமைதான் அறையில் ஒருத்தன் ஒரு கதை சொன்னான். அவனுடைய ஊரில் ஒருத்தி கெமராவைச் சுவருக்குத் திருப்பி வைத்தாளாம். மாப்பிள்ளை சொல்லாமல் வந்து இறங்கினானாம். "மச்சான், பொஞ்சாதிய நம்பு. நம்பிக்கிட்டே பார்த்துக்க" என்று சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்திருக்கிறது.

பேசுகிற பொத்தானை அமத்தினேன்.

"யாரு கெமராவ மூடினது? எவன் வந்திரிக்கான் வீட்டுக்குள்ள? என்னத்த மறைக்கிறதுக்கு மூடி வெச்சிரிக்கிறாய்?"

இதை விடவும் மோசமான ஒரு சொல் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

அந்தப் பக்கம் மெல்ல ஏதோ ஓதிக்கொண்டிருந்த மாதிரி ஒரு இரைச்சல் இருந்தது. பஸ் ஏசிச் சத்தம் என்று நினைத்தேன். நான் பேசியதும் அது நின்றது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு மகள் கெமராவுக்குக் கிட்ட வந்து சொன்னாள். ஒன்பது வயசு. கத்தவில்லை, ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"வாப்பா, மூணாம் கத்தம் ஓதுறாங்க. எல்லாரும் இரிக்காங்க."

ஊர்ப் பொம்பிளைகள் முழுப் பேரும் ஹோலில் இருந்து மௌத்தானவருக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ராத்தா நடுவில் வெள்ளை உடுத்து இருந்திருக்கிறா. நான் பார்த்துவிடக் கூடாது என்று மனைவிதான் துணியைப் போட்டிருக்கிறாள். வயரைக் கழற்றினால் நான் பயந்துவிடுவேன் என்று கழற்றாமல் விட்டிருக்கிறாள். அந்தத் துணிக்குள்ளால் என் குரல் வந்திருக்கிறது.

யாரோ வயரைக் கழற்றிவிட்டார்கள், கெமரா நின்றுவிட்டது. பஸ்ஸில் புள்ளைகள் ஏறினார்கள். நான் ஓட்டினேன். எந்த றோட்டால் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் என் கோலை எடுக்கவில்லை. ஒரு கிழமை கழித்து ஒரு குரல் மெசேஜ் வந்தது. பதின்மூன்று செக்கன்.

"எங்கட ராத்தாட இத்தா முடியும் வரைக்கும் நான் ஒண்டும் கதைக்க மாட்டன். புள்ளயோட கதைக்கிறதெண்டா கதைங்க. மிச்சம் பொறகு பாப்பம்."

கோபம் இல்லாத குரல். அதுதான் பயம். பதின்மூன்று செக்கனையும் எத்தனையோ தரம் போட்டுக் கேட்டேன். "பொறகு பாப்பம்" என்ற இடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அந்த நாலு மாசமும் பத்து நாளும் ராத்தாவுக்கு எண்ணினார்களோ இல்லையோ, எனக்கு நான் எண்ணினேன். விட்டுப் போகப்போகிறாளா என்று கேட்க ஆள் இல்லை. விவாகரத்துக்குக் காதி நீதிபதியிடம் போனால் அவளுக்குச் சாட்சி ஹோல் நிறைய இருக்கிறது.

கெஞ்சி லீவு எடுத்து வந்து இறங்கியபோது இத்தா முடிய இருபத்தொரு நாள் இருந்தது. உள்ளே போகமுடியாது. நானாவின் வீட்டில் தங்கினேன். நானா என்றால் என் கூடப்பிறந்த மூத்தவர். போட் எஞ்சின் திருத்துகிறார். அவருடைய பட்டறையில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. உள்ளே கெமராவும் வயரும். கத்தத்துக்கு மறுநாளே மனைவி அதை மகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நானா எஞ்சினிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"நீ இத வெச்சது கள்ளனுக்கா, பொண்டாட்டிக்கா?"

நான் பேக்கை மடித்து மேசைக்குக் கீழே தள்ளினேன்.

"எனக்குச் சொல்ல வேணாம். அவளுக்குச் சொல்லு."

தேத்தண்ணிக் கடைக்குப் போனால் கதை நிற்கும். பிறகு ஒருத்தன் மேலே கூரையைப் பார்த்து, "மெதுவாக் கதைங்கடா, மேல இரிந்து ஆள் பேசும்" என்பான். எல்லாரும் கோப்பைக்குள் சிரிப்பார்கள். ஒருத்தன் சாரத்தால் முகத்தை மூடிக் காட்டினான். அடிக்கக் கை வரவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இரண்டாம் நாளோடு கடைக்குப் போவதை விட்டேன்.

மகள் மதரசாவுக்குப் போகும் வழியில் பட்டறைக்கு வருவாள். கொஞ்சம் தள்ளி நிற்பாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். போனில் என்றால் பார்ப்பாள்.

"உங்கட தல போன்ல பெருசு" என்றாள் ஒரு நாள்.

"உம்மா என்ன செய்றா?"

"ஒண்டும் செய்றல்ல. வேல செய்றா."

"என்னப் பத்தி ஏதும் கேட்டாவா?"

"இல்ல." போக இரண்டு அடி வைத்துத் திரும்பினாள். "ஸ்கூல்ல என்னக் கெமராட மகள் எண்டு சொல்றாங்க."

சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு எஞ்சின் மூடியை எடுத்துத் துடைத்தேன். சுத்தமாக இருந்த மூடி.

கட்டாருக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். நானாவிடம் கேட்டேன். எஞ்சின் ஓடினால்தானே திருத்த வரும் என்றார். எண்ணெய் விலைக்குப் பாதித் தோணி கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. பாலாவிப் பக்கம் உப்பு வாய்க்காலில் கூலி வேலை இருக்கும், என் முதுகு தாங்காது. பதினொரு வருசம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? போனால் அவள் இல்லை. இருந்தால் சோறு இல்லை.

இத்தா முடிய மூன்று நாள் இருக்க மகள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"உம்மா சொல்லச் சொன்னா. அண்டைக்கு இரிந்த பொம்பளைகள் எல்லாரும் இத்தா முடியிற அண்டைக்கும் வருவாங்களாம். நீங்க வெளியில ஜன்னலுக்குக் கிட்ட நிண்டு, சொன்னது பொய்யெண்டு சொல்லணுமாம். உள்ளுக்குக் கேக்கச் சொல்லணுமாம்."

"சொன்னா?"

"அதுக்கு ஒண்டும் சொல்லித் தரல்ல."

பொம்பிளைகள் ஓதுகிற வீட்டு ஜன்னலில் ஒரு ஆம்பிளை போய் நின்று பேசுவது எங்கள் ஊரில் இல்லை. நானாவைக் கூட வரச் சொன்னேன். "பேசினது ஒண்ட வாய்தானே. நீயே போ" என்றார்.

போனேன். லுஹர் தொழுதுவிட்டு நேராகப் போனேன். ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் ஓதும் சத்தம் கேட்டது. ராத்தா குளித்து உடுப்பு மாற்றிவிட்டா என்று வாசலில் செருப்புப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு புள்ளை சொன்னது. ஓதி முடியும்வரை வெயிலில் நின்றேன். முடிந்ததும் தொண்டையைச் செருமினேன். உள்ளே எல்லாம் அடங்கியது. அதே அமைதி. அதை நான் ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

"அண்டைக்கு நான் பேசினது பொய். என்ட பொண்டாட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. மாப் பண்ணுங்க."

பிறகு ஒரு பொம்பிளை சொன்னா. யார் என்று தெரியவில்லை.

"சத்தம் காணாது தம்பி. அண்டைக்கு இத விட நல்லாக் கேட்டிச்சி."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் திரும்பவும் சொன்னேன். கத்திச் சொன்னேன். றோட்டில் போன சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்று பார்த்தான். குரல் நடுவில் உடைந்தது. உடைந்தபடியே சொல்லி முடித்தேன்.

"போதும், அவர விடுங்க" என்றது ஒரு குரல். அது ராத்தா. மாப்பிள்ளையை இழந்தவ.

மனைவியின் குரல் வரவில்லை.

ராத்தா அடுத்த நாள் தன் வீட்டுக்குப் போனா. நான் என் வீட்டுக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் வாங்க என்றும் சொல்லவில்லை. முன் அறையில் எனக்குப் பாய் போட்டிருந்தது. நேரத்துக்குச் சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. விருந்தாளியையும் இப்படித்தான் பார்ப்பாள். வீட்டுக்குள் இப்போதும் முக்காடு போடுகிறாள். அலுமாரிக்கு மேலே ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஹோலைக் கடக்கும்போது அவள் நடை கொஞ்சம் வேகமாகிறது. தனக்கே தெரியாமல் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் இப்படிப் போனது. திரும்பிப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இன்று பகல் மகள் ஸ்கூலில் இருந்தாள். நான் குசினிக்குப் போனேன். அவள் பலகையில் குந்தியிருந்து வெங்காயம் உரித்தாள். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன்.

"ஜன்னல்ல நிண்டு சொன்னேனே" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஓம். சொன்னீங்க. அவங்களுக்கு."

"ஒனக்குந்தான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்டு கேக்கட்டா? உண்மையச் சொல்லுங்க. நீங்க என்ன நம்புறீங்களா?"

"ஓம்."

"அங்க போன பொறகு ஒரு நாள் நீங்க கோல் எடுக்கிறீங்க. நான் எடுக்கல்ல. ரெண்டாம் தரமும் எடுக்கல்ல. வீட்டுல என்ன நடக்குதெண்டு பாக்க ஒண்டும் இல்ல. அப்பயும் நம்புவீங்களா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நேரம் நான் குசினியில் இல்லை. பஸ்ஸுக்குள் இருந்தேன், போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கேட்டதை அப்படியே கண்டேன்.

"ஓம்" என்றேன்.

கொஞ்சம் பிந்திவிட்டது. மிஞ்சிப் போனால் இரண்டு மூச்சு விடுகிற நேரம். அந்த நேரம் முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் கருகுது" என்று சொல்லி எழும்பினாள். எனக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து நின்றாள்.

அடுப்பில் மீன் இல்லை. அடுப்பு மூட்டவுமில்லை.